வாய்க்குள் உருளுவது

யாளி செய்வதில் ஒரு வசதி உண்டு.
யானைக்குக் காது கோணினால்
வழியில் போகிறவர்கூட வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போவார்.
யாளியைக் கண்டவர் எவருமில்லை.
என் கை போன போக்குதான்
அதற்கு எலும்பு.

விரகனூர் ரிங் ரோட்டில் தகரக் கொட்டகை.
அச்சு ஊற்றுவது சிக்கந்தர்.
நிறம் என் பொறுப்பு.
கருப்பு, வெள்ளை, ஒரு சொட்டுக் காவி,
ஈரம் காயுமுன் ஒரு கை மணல்.
பத்தடி தள்ளி நின்றால் நானூறு வயது.
விரலால் சுண்டினால்
பிளாஸ்டிக் வாளி.

ஃபைபர் இழை தோலில் ஏறினால்
மூன்று ராத்திரி அரிக்கும்.
எங்கள் யாளிகள் கடிப்பது அப்படித்தான்.

கோயிலுக்கு அளவெடுக்கப் போனேன்.
செல்போனை வெளியே டோக்கனுக்குக் கொடுத்துவிட்டதால்
சாணும் விரலுமாக அளந்து
ஞாபகத்தில் மடித்துக்கொண்டு வந்தேன்.
கல் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை.
உருட்டலாம். எடுக்க முடியாது.
வெளியிலிருந்து போட்டதில்லை அது;
அதே கல்லில், அதே வாயில்,
பல்லுக்குப் பின்னால் பிறந்தது.
எத்தனை பேர் விரல் விட்டார்களோ,
கண்ணைவிட அதுதான் பளபளப்பு.

எங்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது?
தாடையை இரண்டாகச் செய்து
உருண்டையை உள்ளே போட்டு
பேஸ்ட் வைத்து மூடிவிடுவோம்.
பல்லை மட்டும் உட்புறம் சாய்த்தேன்.
போனது திரும்பக் கூடாதென்று.

ஆவணியில் பாண்டியர் அரண்மனை செட்.
அருப்புக்கோட்டை ரோட்டு மண்டபம்.
யாளி ஒரு ஜோடி, தூண் ஆறு,
தெர்மாகோலில் மணமக்கள் பெயர்.
முகூர்த்தம் நடந்ததாம், பந்தியும் நடந்ததாம்.
திங்கட்கிழமை லாரியில் எல்லாம் திரும்பியது:
தூணில் குங்குமக் கை,
பெயரில் சுபாஷிணியின் ‘ஷி’ மட்டும் உடைந்து.

இடது யாளியை இறக்கும்போது
இரண்டு சத்தம் கேட்டது.
ஒன்று உருண்டை.
இன்னொன்று
சின்னது, உலோகம்,
உருண்டைக்கு அரை நொடி பிந்தி
ஓடி வந்து முட்டியது.

டார்ச் அடித்தோம். தெரியவில்லை.
கம்பி விட்டோம். காந்தம் விட்டோம்.
காந்தத்துக்கு அது வரவில்லை.
"அப்ப தங்கம்டா" என்றான் ஒருத்தன்.
ரம்பத்தை எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் ஒரு சிரிப்பு.
முதலாளி ஞானதுரை முகத்தைத் தடவிப் பார்த்தார்.
யாளியின் முகத்தை. பிறகு தன்னுடையதை.
"புது அச்சுக்கு ஒன்பதாயிரம் ஆகும். வைங்க கீழே."

இருபது நாள் கழித்து
வாடகை ரசீதில் இருந்த நம்பருக்கு அழைப்பு.
எடுத்தது நான்.
பெயர் சொல்லவில்லை அந்தக் குரல்.
பின்னால் குக்கர் விசில், யாரோ ஒருவரின் இருமல்.
"அந்தச் சிங்கம் மாதிரி, தும்பிக்கை வச்சது..."
"யாளி."
"ஆமா. அதுக்குள்ள ஏதாவது இருந்துச்சா?"
"இருக்கு. சத்தம் வருது. எடுக்க முடியல."
"எடுக்கவே முடியாதா?"
"தாடையை அறுத்தா முடியும்.
வாங்க, அறுத்துத் தரேன்."

இரண்டாவது விசில் வரைக்கும் ஒன்றும் இல்லை.
"வேண்டாங்க," என்றாள்.
"உள்ளதான் இருக்கான்னு கேக்கத்தான்."

என்னவென்று நான் கேட்கவில்லை.
மோதிரமாக இருக்கலாம், மூக்குத்தித் திருகாக இருக்கலாம்,
ஏதோ ஒரு பூட்டின் பித்தளைச் சாவியாகவும் இருக்கலாம்.
மேடைக்குப் போகும் வழியில்
பட்டுப் புடவைக் கை ஒன்று
ஒரு கணம் அந்த வாய்க்குள் போய் வந்திருக்கிறது.
வீடியோக்காரர் அப்போது பந்தியில் இருந்திருப்பார்.

அதற்குப் பிறகு ஐந்து கல்யாணம், ஒரு கட்சி மாநாடு,
திருமங்கலத்தில் ஒரு நகைக்கடைத் திறப்பு.
கீறலுக்குச் சாயம் பூசுகிறேன்.
வலது யாளிக்கு ஒரு சத்தம். இடதுக்கு இரண்டு.
லாரியில் ஏற்றுமுன்
ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான்
கையெழுத்துப் போடுகிறேன்.